நில் என்று ஒரு கை

அதோ நிற்கிறாள். பாலத்தின் மேல் வண்டி ஊர்கிற இந்த நொடியில், இடதுபக்கக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தால் தெரிகிறது. கீழே, தகரத் தடுப்புக்கு அந்தப் புறம், பழைய மில் பஸ் ஸ்டாப் இருந்த இடத்தில், மயிலாத்தாள், என் சம்சாரம். வலது கண்ணில் கட்டு. அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. கையில் துணிப்பை. நிழற்குடையை இடித்துவிட்டார்கள், புங்க மரத்தை வெட்டிவிட்டார்கள், முன்பு ஓரமாக இருந்ததெல்லாம் இப்போது நடுவாகிவிட்டது. புதிதாகத் தார் போட்ட ரோடு கன்னங்கரேலென்று போகிறது, அந்தக் கறுப்புக்கு நட்டநடுவே இவள். வண்டி ஒன்று இல்லை அதில். இன்னும் திறக்கவில்லை போல. நேற்று ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரும்போது நான்தான் சொன்னேன். பெண்கள் வார்டில் ஆம்பளைக்கு இடமில்லை என்றார்கள். சரி, நாளைக்கு அவர்கள் வேனே உன்னைப் பிரிவில் இறக்கிவிடும், பழைய மில் ஸ்டாப்பில் நில்லு, நான் வருகிற வரைக்கும் நகரக் கூடாது. நகரவில்லை. சொன்னால் கேட்பாள். அதுதான் தொல்லை. அவளுடைய போன் என் சட்டைப் பையில். எங்கேயாவது தொலைத்துவிடுவாள் என்று நானே வாங்கி வைத்துக்கொண்டேன். இடதுபக்கம் கீழே இறங்குகிற வழி எங்கே? இங்கேதானே இருந்தது. போன வாரம்கூட இறங்கினேன். இப்போது அந்த வாயில் கான்கிரீட் கட்டைகள் பல்வரிசை மாதிரி நிற்கின்றன. மஞ்சள் பலகையில் ஒரு அம்பு, நேராகப் போ என்கிறது. நேராகப் போனால் அவள் பின்னால் போகிறாள். பின்னால் ஒருத்தன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான். போறேன்டா. போறேன்.

நேராகப் போனால் ஒரு வளைவு. அது முடிந்தால் இன்னொரு வளைவு, இந்தத் தடவை மறுபக்கம். நாலு ரோடும் வந்து சேர்கிற பிரிவு இது, சேர்கிற இடத்தில் யாரும் யாரையும் சேர முடியாதபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நெரிசலைக் குறைக்கவே இந்தப் பணி, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பலகை. யார் வருந்துகிறது? ஒருத்தனைக் காட்டு. எனக்கு இடதுபக்கம் ஒரு லாரி, வலதுபக்கம் ஒரு லாரி, நடுவில் என் மாருதி, தீப்பெட்டி. நகர்வதில்லை. நகர்ந்தால் ஒரு முழம். வளைவின் நுனியில், தடுப்புக்கு அந்தப் புறம், புது ரோட்டின் வாயில் ஒருத்தன் நிற்கிறான். ஆரஞ்சுக் கோட்டு, மஞ்சள் தொப்பி. ஒரு கையில் சிவப்புக் கொடி, அது சும்மா இருக்கிறது. இன்னொரு கை மேலே, கீழே, மேலே, கீழே. கண்ணாடியை இறக்கிக் கேட்டேன், யோவ், அந்தப் பக்கம் எப்படிய்யா போறது? முகத்தைத் திருப்பவில்லை. உன்னைத்தான்யா, காது கேக்கலையா? கை மேலே, கீழே. சம்பளம் வாங்கறீல்ல, வாயைத் தொறந்து சொல்றது. பக்கத்து லாரிக்காரன் சிரித்தான். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "பெருசு, அவனுக்குச் சம்பளம் கெடையாது. சோறும் கெடையாது. பேட்டரிதான். பொம்மை அது." பார்த்தேன். கண் வரைந்திருக்கிறது. மீசைகூட வரைந்திருக்கிறான்கள். "நீங்க மட்டுமில்ல, நேத்து எங்க முதலாளியே அதுகிட்ட வழி கேட்டாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரோட்டில் எப்போது விடுவார்கள் என்றேன். "இன்னிக்குத்தான். ராகுகாலம் முடியட்டும்னு உக்காந்திருக்காங்க. முடிஞ்சதும் பூசணிக்காயை ஒடைச்சுத் தொறந்து உட்ருவாங்க. அப்புறம் பாருங்க, இத்தனை வண்டியும் அதுலதான் பாயும்." இன்று வியாழன். மூன்று மணிக்கு முடிகிறது. இப்போதே இரண்டு தாண்டிவிட்டது. இத்தனை வண்டியும் என்றான். திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் டிப்பர், லாரி, பஸ், எல்லாம் உறுமிக்கொண்டு. அத்தனையும் அவள் நிற்கிற இடத்துக்குத்தான் போகப் போகிறது.

கை மேலே, கீழே. எங்கேயோ பார்த்த ஆட்டம். எங்கேயோ என்ன, மில்லில்தான். ஸ்பின்னிங் ஹாலில் வாயால் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. எல்லாம் கையால்தான். நூல் அறுந்தது என்றால் ஒரு விரல். மெஷினை நிறுத்து என்றால் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. நில்லு, வர்றேன் என்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். இந்தப் பொம்மை செய்கிறதே, அச்சு அசலாக அது. வண்டிக்காரனுக்கு அது வேகத்தைக் குறை என்று. மில்காரனுக்கு நில்லு, வர்றேன் என்று. நான் மேஸ்திரி. அவள் மெஷினில் சைடு பார்த்தவள், ஒரு வரிசைக் கதிரில் அறுகிற நூலை ஒட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பேசியதெல்லாம் கைப்பேச்சுத்தான், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பஞ்சு பறக்க. கல்யாணம் ஆன பிறகு வாயால் பேசினேன். கத்தினேன் என்பாள். மில்லில் இருந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நின்றது. பழைய பாலம் கட்டும்போதும் இப்படித்தான் ஊரே நின்றது. அப்போது ஒரு பேச்சு கிளம்பிற்று, தூண் நிற்க மாட்டேன் என்கிறது, தலை கேட்கிறது என்று. பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். மூட்டைக்காரன் எவன் வந்தாலும் துரத்தினார்கள். நான் கேண்டீனில் உட்கார்ந்து சத்தம் போட்டேன், சிமெண்டும் கம்பியும் போட்டால் நிற்காத தூண் ஆள் போட்டால் நிற்குமாடா, மடையனுகளா. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தனும் நம்பவில்லை. நான் நம்பினேனா? அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் கோகிலா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள், முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். சிமெண்டும் கம்பியும் தெரிந்தவன். ஒரு தூண் நிற்க வேண்டும் என்றால் யாரோ ஒருத்தர் நிற்க வேண்டும். சீ. என்ன நினைப்பு இது. வெயில். வெயிலில் மூளை வேகிறது.

இரண்டாவது சுற்று. சுற்றுத்தான். அம்பு காட்டின வழியெல்லாம் போனேன், பாலத்துக்கு அடியில் நுழைந்தேன், ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, திரும்பு என்றது, திரும்பினேன், இப்போது அதே வளைவில் இன்னொரு தரம். இந்தப் பக்கம் தகரத் தகடுகளுக்கு நடுவே இடுக்கு இருக்கிறது. வண்டி ஊரும்போது இடுக்கு இடுக்காக அவள். ஒரு இடுக்கில் புடவைத் தலைப்பு. அடுத்ததில் பை. அடுத்ததில் ஒன்றும் இல்லை, தார் மட்டும் ஆவியாக நெளிகிறது. அடுத்ததில் மறுபடி அவள். அசையவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மனுஷி என்றால் காலை மாற்றி நிற்பாள், தலைப்பால் விசிறிக்கொள்வாள், பையைக் கீழே வைப்பாள், யாரையாவது திட்டுவாள். இவள் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு நட்டு வைத்த மாதிரி நிற்கிறாள். எந்தத் திசை? பொம்மை இருக்கிற திசை. இடதுகண்ணும் அவளுக்கு மங்கல்தான், பத்தடிக்கு அப்பால் எல்லாம் பஞ்சு மூட்டை என்பாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நில்லு வர்றேன் என்று காட்டினேன். உள்ளங்கை கீழே பார்க்க, மேலே, கீழே. அவள் பார்க்கவில்லை. என் கை ஆடுவதை நான்தான் பார்த்தேன். அந்தக் கோடியில் அதன் கையும் ஆடுகிறது. அது ஏறும்போது என்னுடையது ஏறுகிறது. இறங்கும்போது இறங்குகிறது. சட்டென்று கையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது, என்னுடையதல்ல, அவளுடையது. கோகிலா. "அம்மா வந்துட்டாளாப்பா?" வந்துட்டா என்றேன். "குடுங்க, பேசறேன்." தூங்கறா. "இந்நேரம் தூங்குவாளா? என்னப்பா ஒரே ஹாரன் சத்தமா இருக்கு?" டிவி. "நான்தான் டாக்ஸி போட்டுத் தர்றேன்னேன். நானே ஓட்டுவேன், எனக்குத் தெரியாத ரோடான்னு நீங்க..." வைடி போனை என்று வைத்துவிட்டேன். எனக்குத் தெரியாத ரோடா. தெரிந்த ரோடு எங்கே இருக்கிறது இதில்? அது இந்தத் தாருக்கு அடியில் கிடக்கிறது. அதன் மேல்தான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை வளைவின் நுனிக்கு வந்தபோது எல்லாம் அடியோடு நின்றுவிட்டது. ஆட்கள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நிற்கிறார்கள். தூரத்தில், புது ரோட்டின் வாயில், நாலைந்து பேர் வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு குடை, சாம்பிராணிப் புகை. பூசணிக்காயின் தலையில் குங்குமம் இங்கிருந்தே தெரிகிறது. ஒரு டிராபிக் போலீஸ் கர்சீப்பை வாயில் கட்டிக்கொண்டு வந்தான். சின்ன வயசு. தம்பி, இந்தத் தடுப்பை ஒரு நிமிஷம் நகத்து, அந்த ரோட்டுல என் சம்சாரம் நிக்கறா, கண் ஆபரேஷன் பண்ணினவ. "எந்த ரோட்டுலங்கய்யா?" அந்தா. திரும்பிப் பார்த்தான். கையை நெற்றிக்கு மேலே வைத்துப் பார்த்தான். "அங்க யாருமில்லைங்களே." அந்தா நிக்கறா பாருய்யா, நடு ரோட்டுல. "அதுங்களா? அது பொம்மைங்கய்யா. ரெண்டு வெச்சிருக்காங்க. வாய்ல ஒண்ணு, உள்ள ஒண்ணு." சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அவன் சொன்ன பிறகு பார்த்தேன். ஆரஞ்சுக் கோட்டு. உள்ளே நிற்கிறதும் ஆரஞ்சுக் கோட்டுதான் போட்டிருக்கிறது. முதலில் பார்த்தபோது அது இல்லையே. இருந்ததா? பாலத்தின் மேலிருந்து நான் பார்த்தது கட்டுப் போட்ட கண்ணையா, கறுப்புப் பெயிண்டையா? இத்தனை நேரம் ஒரு பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேனா? அப்படியென்றால் அவள் எங்கே? வேன் வரவே இல்லையோ. வந்து, இவள் இறங்கி, எங்கேயோ நடந்து, எந்தப் பள்ளத்திலோ. தோண்டாத இடமே இல்லையே இங்கே. அது பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிற்று. பை. பொம்மைக்கு எதற்குப் பை? நான் கதவைத் திறந்து இறங்கினேன். சாவி வண்டியிலேயே. "யோவ் பெருசு, வண்டியை நடுவுல உட்டுட்டு எங்கய்யா போற?" சாகப் போறேன், வர்றியா? பின்னால் நின்ற வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே உடம்பைத் திருகி நுழைந்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது. அந்தப் பக்கம் போனதும் சத்தம் குறைந்தது. குறைந்தது என்றால் அடியோடு குறைந்தது. தகரத்துக்கு அந்தப் புறம் அத்தனை வண்டி, இந்தப் புறம் என் செருப்பு தாரில் ஒட்டிப் பிரிகிற சத்தம். மில்லில் கரண்ட் போனால் இப்படித்தான் இருக்கும், அந்தச் சத்தமில்லாமைக்குப் பயந்து பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொள்வார்கள். ஏய் என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. ஹாரன்களோடு கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டிருக்கிறது, காற்றுத்தான் வந்தது. அவள் திரும்பவில்லை. கிட்டே போகப் போக ஒன்றும் தீர்மானமாகவில்லை. முதுகு. கோட்டு. தலைமேல் மடித்துப் போட்ட தலைப்பு. முதுகுக்கு என்ன தெரியும், எந்த முதுகும் அசையாமல்தான் இருக்கும். கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்னால் ஒரு கணம் விரல்களை நிறுத்தினேன், அது ரப்பராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. தோல். சில்லென்ற தோல். இந்த வெயிலில் ஏன் இத்தனை சில்லென்று? வா என்றேன். கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள். "விடுங்க. அங்க நில்லுங்கறாரு பாருங்க." அந்தக் கோடியில் கை மேலே, கீழே. நாந்தான் வந்திருக்கறேன், வா. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு இப்படிப் பேச மாட்டாருங்க. ரோட்டு வேலை பாக்கற தம்பி ஒண்ணு வந்து இந்தக் கோட்டைப் போட்டு விட்டுச்சே, அதுகிட்டயும் சொன்னேன். அவரு வந்தாத்தான் வருவேன்." தட் என்று ஒரு சத்தம். பூசணிக்காய். யாரோ கை தட்டினார்கள். தடுப்பை இழுக்கிற சத்தம், இரும்பு தாரில் உரசுகிற சத்தம், அதற்குப் பின்னால் அத்தனை இன்ஜினும் ஒன்றாக. இரண்டு பேர் ஓடி வந்து பொம்மையைத் தலையும் காலுமாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். அணைக்கவில்லை. படுத்த வாக்கிலும் அந்தக் கை ஆடிக்கொண்டே போயிற்று. "மயிலா" என்றேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். பயந்துவிட்டாள். எனக்குக் குடலிலிருந்து கோபம் ஏறிற்று. எங்கிருந்தோ தொண்டை திறந்தது. "கூறுகெட்டவளே! கண்ணுதான் போச்சு, காதுமா போச்சு? லாரி வருதுடி, நடடி சனியனே!" அவள் முகம் அப்படியே இளகிற்று. "ம். நீங்கதான்" என்று கையைக் கொடுத்தாள். இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து கட்டை மேல் சாய்த்தேன். அவள் நின்ற இடத்தின் மேல் ஒரு டிப்பர் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் எண்ணமுடியாதபடி.

வண்டியில் ஏற்றி உட்கார வைத்தேன். பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் என் தாய் தகப்பனையெல்லாம் விசாரித்தார்கள். விசாரிக்கட்டும். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், கடகடவென்று குடித்தாள், கண்கட்டின் மேல் படாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள், திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். வண்டிகள் புது ரோட்டுக்குள் வழிந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நிரம்பி நின்றுவிட்டது. நாங்களும் அதிலேதான் நின்றோம், அவள் நின்றிருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட மேலேயே. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அங்க நின்னு கை காட்டினது நான்னு நெனச்சியா?"

"மொதல்ல நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சுபோச்சு. நீங்கன்னா இத்தனை நேரம் ஒரே எடத்துல நிப்பீங்களா? ஒரு வார்த்தை வையாம, சலிக்காம, காட்டிட்டே இருந்தாரு. யாரோ பாவம், நல்ல மனுஷன்."

பொம்மை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நான் இல்லைன்னு தெரிஞ்சும் ஏண்டி அங்கயே நின்ன? ஓரமா வரக் கூடாது? செத்திருப்பியேடி."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வண்டி ஜன்னலுக்கு வெளியே, பஞ்சு மூட்டைகளாகத் தெரிகிற அத்தனை வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை குரலில்.

"வான்னு யாருங்க கூப்புட்டா?"

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. என் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.